தந்தையின் குற்றமும் மைந்தன் கடனும்

அறமும் மறமும் தம்முள் எதிர்ப்பட்டவழி, அறத்தைக் கொண்டு மறத்தைத் தள்ளுதல் அறிவுடையார்க்கு எளிதேயாம். அறமும் அறமும் எதிர்ப்பட்டவழி யாது செய்வது என்பதே அறநூலார் அறிவை உரைத்துக் காணும் கட்டளைக்கல். பெற்றோரைப் பேணுதல் அறம்; பிறர்பொருள் கவர்ந்தானுக்குத் துணைபோகாமையும் அறம். கவர்ந்தவன் தன்னைப் பெற்ற தந்தையே ஆயின், மைந்தன் இவ்விரண்டனுள் எதனைக் கைக்கொள்வான்? இவ்வினா ஏறத்தாழ 2,500 ஆண்டுகட்கு முன்னர்ச் சீனநாட்டிற் கன்பூசியர் என்னும் பேரறிஞர் முன்னிலையில் எழுந்தது. அதற்கு அவர் இறுத்த விடை அந்நாட்டரசர் சட்டங்களிற் புகுந்து நெடுங்காலம் நின்றது, பின்னர்ப் பழிக்கப்பட்டது, இக்காலத்தில் மீண்டும் ஆராயப்படுகின்றது. ஆகலின், கன்பூசியர் அறநெறியின் இயல்பினையும், இஞ்ஞான்றைச் சமுதாயத்திற்கு அஃது எவ்வாற்றாற் பயன்படும் என்பதனையும் இவ்வொரு வினாவைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஆராய்தல் தகும்.

கன்பூசியர் என்பது மேனாட்டார் தம் நாவிற்கேற்பத் திரித்து வழங்கிய பெயரின்வழி வந்தது. கொங் என்பது அவர்தம் குடிப்பெயர். இஞ்ஞான்று சாந்துங் எனப்படும் மாகாணத்தின்கண் அடங்கிய லூ என்னும் சிறு நாட்டில், கி. மு. 551-ல் அவர் பிறந்தனர் என்ப. இளமையிலேயே தந்தையை இழந்து, வறுமையில் வளர்ந்து, கல்வியால் உயர்ந்து, தம் நாட்டில் அரசியல் அலுவலும் பார்த்தனர். அக்காலத்துச் சௌ மரபின் பேரரசர் பெயரளவில் நின்றனர்; சிற்றரசர் ஒருவரை யொருவர் அடுதலிலேயே கருத்தூன்றினர். தம் நெறியை ஏற்று ஆளும் மன்னன் ஒருவனையேனும் காணவேண்டிப் பதின்மூன்று பதினான்கு ஆண்டுகள் நாடுதோறும் திரிந்து, காணாராய், முதுமையில் லூ நாட்டிற்கு மீண்டு, மாணாக்கர்க்குக் கற்பித்து, கி. மு. 479-ல் மறைந்தனர். அவர் சொல்லியவற்றை மாணாக்கரும் மாணாக்கர்தம் மாணாக்கரும் தொகுத்தது 20 இயல்களையுடைய 'லுன்யூ' என்னும் உரைக்கோவையாம்.

அவர் நெறிக்கு உயிர்நிலையாவது சீனர் 'ரென்' என வழங்கும் குணம். லுன்யூவின்கண் நூறு முறைக்கு மேல் வரும் இச்சொல்லின் எழுத்து, மாந்தனைக் குறிக்கும் வடிவும் இரண்டு என்னும் எண்வடிவும் சேர்ந்து அமைந்தது. ஒருவன் தனித்திருந்து அடைவதன்று, பிறனொடு கூடிய வாழ்க்கையில் வைத்து விளங்குவதே இக்குணம் என்பது அவ்வடிவினாலும் குறிப்பிற் பெறப்படும். இதனை மாந்தநேயம் என்னலாம். இஃது உயிராயின், 'லி' எனப்படும் ஒழுங்குமுறை இதற்கு உடம்பாம். வழிபாடு, விருந்தோம்பல், இழவுநோன்பு, பெரியோர்முன் நிற்கும் நிலை ஆகிய எல்லாம் அதனுள் அடங்கும். உள்ளத்தில் நேயமின்றிச் செய்யும் சடங்கு உயிரற்ற உடம்பாம். ஒழுங்கின்றி வெளிப்படும் நேயம் உடம்பற்ற உயிராய்ப் பிறர்க்குப் புலப்படாதொழியும். செய்யத்தகுவது இஃது எனத் துணிந்து, ஊதியங் கருதாது நிற்றல் 'யீ' என்னும் நேர்மை. இவற்றொடு அறிவையும் சேர்த்து நான்காக மென்சியர் கி. மு. நான்காம் நூற்றாண்டில் விரித்தனர். ஆன் மரபினர் காலத்துத் தொங் சொங்சூ என்பவர் வாய்மையையும் கூட்ட, அவை ஐந்தாய், மாறா அறங்கள் எனப் பெயர் பெற்றன.

இவ்வைந்தும் எங்கே தோன்றும் எனின், இல்லத்தின்கண்ணே தோன்றும் என்பது அவர் கொள்கை. பெற்றோரிடத்தும் உடன்பிறந்தாரிடத்தும் அன்பு செய்து பயிலாதவன் அயலாரிடத்து அன்பு செய்வன் எனல், வேரில்லா மரம் கனிதரும் எனலோடு ஒக்கும். குழவி முதலில் அறிவது தாயின் முகத்தையே, உலகத்தை யன்று. அம்முகத்தில் தொடங்கிய அன்பு, வளர வளர உறவினரையும், ஊராரையும், நாட்டாரையும் முறையே தழுவும். அண்மையில் மிக்கும் சேய்மையிற் குறைந்தும் நிற்பினும் அவ்வன்பு ஒன்றே. பெற்றோரைப் பேணும் கடனைச் சீனர் 'சியாவ்' என்ப. அக்கடன் உணவூட்டும் அளவில் முடிவதன்று என்பதும், வீட்டு விலங்கிற்கும் உணவு இடப்படுதலின் மதிப்பில்லாத இடத்து இரண்டற்கும் வேறுபாடு இன்றாம் என்பதும் கன்பூசியர் வற்புறுத்திய கருத்துக்கள்.

இனி, முற்கூறிய வினா எழுந்தவாறு காண்பாம். தெற்கின்கண் சூ நாட்டைச் சார்ந்த ஷே என்னும் பகுதியின் தலைவன், தன் நாட்டார் நேர்மையை வியந்து கன்பூசியர்க்கு ஒரு செய்தி கூறினன். அங்கே நேர்மையாற் பெயர்பெற்றான் ஒருவன் உளன். அவன் தந்தை ஓர் ஆட்டைக் கவர்ந்தபோது, மைந்தனாகிய அவனே தந்தைக்கு எதிராகச் சான்று பகர்ந்தான் என்பது அச்செய்தி. கன்பூசியர் அதனை வியந்திலர். தம் நாட்டார் நேர்மையெனக் கொள்வது வேறு என்றும், தந்தை மைந்தன் பொருட்டும் மைந்தன் தந்தை பொருட்டும் மறைத்தல் அவர் வழக்கம் என்றும், நேர்மை அதனுள்ளே உளது என்றும் விடையிறுத்தனர். இந்நிகழ்ச்சி லுன்யூவின் 13-ஆம் இயலிற் காணப்படுவது.

இவ்விடை கேட்போர் பலர் திடுக்கிடுவர். திருட்டை மறைத்தல் எங்ஙனம் நேர்மையாகும்? உறவினர்க்கு ஒரு நீதியும் அயலார்க்கு ஒரு நீதியும் வகுப்பின், ஆட்டை இழந்தான் யாரிடம் முறையிடுவான்? இத்தடை புதியதன்று. எல்லாரிடத்தும் ஒப்ப அன்பு செய்தலே அறம் எனக் கொண்ட மோ சு என்பவர், அண்மை சேய்மை நோக்கி அன்பை அளத்தலே உலகத்துப் பூசல்கட்கு வித்து என்று கடிந்தனர். சட்டத்தையே தெய்வமாகக் கொண்ட ஆன் பெய் என்பவரோ வேறொரு வழியால் தாக்கினர். தந்தையைக் காட்டிக்கொடுத்த மைந்தனை, அரசற்கு நேரியனாயினும் தந்தைக்குக் கொடியன் எனக் கருதி ஓர் அமைச்சன் கொல்வித்தான் என்று அவர் எழுதினர். முதிய தந்தையைப் பேணுவார் பிறர் இன்மையின் மும்முறை போர்க்களத்தினின்றும் ஓடிய ஒருவனைக் கன்பூசியர் போற்றி உயர்த்தினர் என்றும் எழுதினர். வீட்டிற்கு நல்லவன் நாட்டிற்குப் பகைவன் ஆகின்றான். இரண்டனையும் ஒருங்கு போற்றும் அரசு நிலைபெறாது என்பது அவர் முடிபு.

அம்முடிபு ஏட்டளவில் நில்லாது நாட்டினும் செலுத்தப்பட்டது. ஆன் பெய்யிற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே சின் நாட்டில் அமைச்சனாயிருந்த சாங் யாங் என்பான், குடிகளை ஐந்தைந்தாகவும் பத்துப்பத்தாகவும் பிணைத்து, ஒருவர் குற்றத்தை ஏனையோர் அறிவித்தல் வேண்டும் என விதித்தான். அறிவியாதான் இடை துணிக்கப்பட்டான்; அறிவித்தானுக்குப் போரிற் பகைவன் தலை கொண்டாற்குரிய பரிசில் கிடைத்தது. இவற்றைக் கூறும் வரலாற்றாசிரியர் சீமா சியென், அவன் இறுதியையும் கூறுகின்றனர். அரசன் மாறிப் பகை மூண்டு ஓடிய சாங் யாங், எல்லைப்புறத்து விடுதியொன்றில் இடம் வேண்டினான். அடையாளச் சீட்டு இல்லாதாரைத் தங்கவிட்டாற் சாங் யாங்கின் சட்டப்படி தண்டனை உண்டு என, அவனை இன்னான் என்று அறியாத விடுதியாளன் மறுத்தான். கி. மு. 338-ல் அவன் கொல்லப்பட்டான். அவன் வகுத்த முறையால் வலிபெற்ற சின் அரசு கி. மு. 221-ல் சீனம் முழுவதையும் ஒருகுடைக்கீழ்க் கொணர்ந்ததும் உண்மை. பதினைந்து ஆண்டளவில் வேரொடு சாய்ந்ததும் உண்மை. அறிவித்தலையே அறமாக்கிய நாட்டில், யாரும் யாரையும் நம்புதல் இயலாது. நம்பிக்கை அற்ற இடத்து அரசிற்கு அச்சமொன்றே துணை. அச்சம் நீங்கிய அன்றே அதுவும் நீங்கும்.

அற்றேல், உறவினர் குற்றமெல்லாம் மறைக்கத் தகும் என்பதோ கன்பூசியர் கருத்து எனின், அன்று. அவர் விடையை அவர்தம் நெறி முழுவதனோடும் இயைத்துப் பொருள்கொள்ளல் வேண்டும். அங்ஙனம் கொள்வார்க்கு மூன்று வரம்புகள் புலப்படும்.

முதலாவது, வெளிப்படுத்தாமை வேறு, உடன்பட்டிருத்தல் வேறு. பெற்றோர் தவறிய இடத்து மைந்தன் மென்மையாக எடுத்துரைத்தல் வேண்டும் என்பதும், அவர் கேளாதவழியும் மதிப்புக் குறையாது நின்று அம்முயற்சியைக் கைவிடலாகாது என்பதும் லுன்யூவிலேயே காணப்படுவன. கடிந்து திருத்தும் மைந்தனையுடைய தந்தை தீநெறியில் வீழான் என்பது பெற்றோர் பேணல் பற்றிய பழைய நூலின் துணிபு. பின்வந்த சுன் சு என்னும் ஆசிரியரோ, தந்தை சொல்லும் நேர்மையும் மாறுபட்டவழி நேர்மையைப் பின்பற்றலே மேலான கடன் என்றனர். ஆகவே, ஆடு கவர்ந்த தந்தையின் மைந்தன் மன்றத்திற்கு ஓடான், வாளாவும் இரான். தந்தையின் காலைப் பற்றியாவது ஆட்டை உரியவனிடம் சேர்ப்பிக்க முயலுவான். சான்று பகர்ந்தவனுக்கு ஒருநாளில் வேலை முடிந்தது. மறைத்தவனுக்கு அன்றுதான் வேலை தொடங்குகின்றது.

இரண்டாவது, பணிதற்கும் ஓர் எல்லை உண்டு. பெற்றோரைப் பேணுதலிற் புகழ்பெற்ற மாணாக்கர் செங் சு, முலாம்பழக் கொல்லையில் களை கொத்துகையில் தவறிக் கொடியின் வேரை வெட்டினர். வெகுண்ட தந்தை பெருந்தடியால் அடிக்க, அவர் விலகாது நின்று உணர்விழந்து வீழ்ந்தனர். தெளிந்தபின் தந்தை வருந்தாவாறு யாழிசைத்தும் காட்டினர். இதனைக் கேட்ட கன்பூசியர் மகிழ்ந்திலர். அவரைத் தம் வாயிலுட் புகவிடாது சினந்தனர். பழைய மன்னன் சுன் தன் தந்தையின் சிறுகோலுக்கு நின்றான், பெருந்தடிக்கு ஓடினான் எனக் காட்டி, தந்தையைக் கொலைப்பழிக்கு ஆளாக்கத் துணிந்த பணிவு பேணுதலாகாது என்று இடித்துரைத்தனர். லியு சியாங் தொகுத்த நூலின்கண் வரும் இக்கதை, பெற்றோர் சினத்திற்கு இரையாதலே மைந்தர் கடன் எனப் பிற்காலத்தார் சிலர் கொண்ட கருத்திற்கு நேர்மாறாயிருத்தல் காண்க.

மூன்றாவது வரம்பே யாவற்றினும் சிறந்தது. அது பெயருக்கேற்ப ஒழுகுதல் என்பது. அரசன் அரசனாகவும், அமைச்சன் அமைச்சனாகவும், தந்தை தந்தையாகவும், மைந்தன் மைந்தனாகவும் இருத்தலே நல்லாட்சி என்பது கன்பூசியர் கருத்து. மைந்தனாக நிற்பவன் செய்யத்தகுவதனை நடுவனாக நிற்பவன் செய்தல் தகாது. இதற்குக் கி. மு. 528-ல் சின் மரபினரது நாட்டிற்கு வேறாகிய மற்றொரு சின் நாட்டில் நிகழ்ந்த வழக்கு சான்றாம். அந்நாட்டுச் சூ சியாங் என்னும் பெரியோர்க்குச் சூ யூ என ஒரு தம்பி இருந்தான். நிலவழக்கொன்றை விசாரிக்கும் பொறுப்புற்ற அவன், வழக்காளிகளுள் ஒருவன் மகளைக் கையூட்டாகப் பெற்று, குற்றமில்லாதான்மேற் குற்றஞ் சுமத்தினன். வெகுண்ட அவன், நடுவனையும் மகளைக் கொடுத்தானையும் மன்றத்திலேயே கொன்றான். முதல்வன் சூ சியாங்கைத் தீர்ப்புக் கேட்டான். அவர், மூவர் குற்றமும் ஒத்தன. உயிரோடிருப்பவனைக் கொன்று, இறந்தார் இருவர் உடலையும் அங்காடியிற் கிடத்துக என்றனர். அவ்விருவருள் ஒருவன் தம் உடன்பிறந்தான் என்பது அவர் நாவைத் தடுத்திலது. ஆடு கவர்ந்தான் மைந்தனை மறைக்கச் சொன்ன அதே கன்பூசியர், நாட்டை ஆளும் இடத்து உறவை மறையாத சூ சியாங்கைப் பழங்கால நேர்மையின் எச்சம் எனப் போற்றினர் என்று 'சோ' உரைநூல் கூறும்.

இவ்விரண்டும் முரணல்லவோ எனின், அல்ல. ஆட்டு வழக்கில் மைந்தன் அதிகாரம் யாதும் இல்லாதவன். தந்தைக்கும் தனக்கும் உள்ள பிறப்புரிமை யொன்றே உடையவன். சூ சியாங்கோ நாட்டு நீதியைத் தம் வாயிற் கொண்டு நின்றவர். நீதியை உறவின் பொருட்டு வளைத்தல் பிறர் கொடுத்த பொருளைக் களவுசெய்தலோடு ஒக்கும். மென்சியரும் இதனையே வேறொரு வகையால் விளக்கினர். சுன் மன்னனாக இருக்கையில் அவன் தந்தை ஒருவனைக் கொன்றால் யாது நிகழும் என்று ஒரு மாணாக்கர் வினவினர். நடுவன் அவனைச் சிறைசெய்வான். மன்னன் அதனைத் தடுக்கமாட்டான். ஆயின் அரியணையைப் பொருட்படுத்தாது துறந்து, தந்தையைச் சுமந்து கடற்கரைக்கு ஓடி, ஆட்சியை மறந்து அங்கே வாழ்வான் என்பது மென்சியர் விடை. தந்தையைக் காக்க விரும்புவான் முதலில் முடியை இழத்தல் வேண்டும்; முடியைக் கொண்டே தந்தையைக் காத்தல் கூடாது. உறவன்பிற்கும் பொதுநீதிக்கும் இடையே இதனினும் தெளிவாக எல்லை வகுத்தல் அரிது.

சான்று பகர்ந்த மைந்தனைக் கன்பூசியர் வியவாமைக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் லூ புவெய் என்னும் அமைச்சன் தொகுப்பித்த நூல் அக்கதையைச் சற்று வளர்த்துக் கூறும். தந்தையைக் காட்டிக்கொடுத்த அவன், தந்தைக்குரிய கொலைத்தண்டனையைத் தானே ஏற்பதாக முன்வந்தான். கொல்லப்படும் வேளையில், தந்தை குற்றத்தை அறிவித்தமையாற் தான் வாய்மையுடையன் என்றும், தந்தைக்காக இறத்தலிற் பேணுதலுடையன் என்றும் எடுத்துரைத்து விடுதலையும் பெற்றான். ஒரு தந்தையைக் கொண்டு இருமுறை புகழீட்டினான் எனக் கன்பூசியர் இகழ்ந்ததாக அந்நூல் முடிக்கும். அறத்தைப் புகழுக்கு விலைசெய்வான் பெற்றோரையும் விலைசெய்வான் என்பது இதன் கருத்து. பெற்ற தந்தை சிறைப்படக் கண்டும் உள்ளம் நடுங்காதவன், அயலான் ஆட்டிற்காக உருகினான் என்பது நம்பத்தக்கதன்று.

இக்கொள்கை சட்டமாகிய வரலாறும் அறியத்தக்கது. சின் அரசு வீழ்ந்தபின் எழுந்த ஆன் மரபின் சுவான் மன்னர், கி. மு. 66-ல் ஓர் ஆணை பிறப்பித்தனர். பெற்றோரை மக்களும், கணவனை மனைவியும், பாட்டன் பாட்டியரைப் பேரரும் மறைத்தாற் தண்டனை இல்லை என்பது அவ்வாணை. கி. பி. 653-ல் வெளிவந்த தாங் மரபினர் சட்டத்தொகை, ஒருங்குறையும் சுற்றத்தார்க்கும் நெருங்கிய உறவினர்க்கும் இவ்வுரிமையை விரித்தது. அரசைக் கவிழ்த்தல் முதலிய பெருங்குற்றங்களுக்கு அது பொருந்தாது எனவும் விலக்கியது. அரசர் தம் உயிர்க்கும் முடிக்கும் இடர் வந்தவழி மட்டும் மைந்தனைச் சான்றுக்கு அழைத்தனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

எனினும், காலஞ்செல்லச் செல்ல இந்நெறியிற் களையும் முளைத்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. பெற்றோர்மேற் குற்றம் சாட்டிய மைந்தனுக்குத் தாங் சட்டம் கழுத்திறுக்கிக் கொல்லும் தண்டனையையும் விதித்தது. இருபுறமும் ஒத்த கடனாயிருந்தது ஒருபுறக் கட்டளையாயிற்று. தந்தை தந்தையாக இருத்தல் வேண்டும் என்னும் பாதி மறக்கப்பட்டு, மைந்தன் மைந்தனாக இருத்தல் வேண்டும் என்னும் பாதியே எஞ்சியது. மகளிர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஆகலின் 1915 முதற் சென் தூசியூ முதலிய இளைஞர் இந்நெறியை வன்மையாகத் தாக்கினர். 1918-ல் லூ சுன் எழுதிய பித்தன் நாட்குறிப்பு என்னும் கதை, அறத்தின் பெயரால் மாந்தர் மாந்தரை விழுங்கும் கொடுமையைக் காட்டியது. கன்பூசிய நெறி பரவிய சப்பானிலும், மூதாதையரைக் கொன்றார்க்கு இறப்பு அல்லது வாழ்நாட்சிறை என்னும் இரண்டையன்றி வேறு தண்டனை விதியாத சட்டமொன்று நிலவியது. தந்தையாலேயே பல்லாண்டு மானக்கேடுற்ற மகளொருத்தி 1968-ல் அவனைக் கொன்ற வழக்கில், அந்நாட்டு உயர்நீதிமன்றங்கட்கெல்லாம் தலைமையாகிய மன்றம் அச்சட்டம் செல்லாது என 1973-ல் தீர்ப்பளித்து, அவளுக்குச் சிறைபுகா வண்ணம் தண்டனையை நிறுத்திவைத்தது. தந்தை என்னும் பெயருக்குரிய செயலை அறவே அழித்தவன், அப்பெயரின் பாதுகாப்பைக் கேட்டல் எவ்வாறு இயலும்? பெயருக்கேற்ப ஒழுகுதல் என்னும் கன்பூசியர் அளவுகோலே அவனைக் கைவிடும்.

களையைப் பறிப்பார் பயிரையும் பறித்தெறிந்தால் விளைவது யாது என்பதனையும் சீனநாடே உலகிற்குக் காட்டியது. 1966 முதல் 1976 வரை நிகழ்ந்த பண்பாட்டுப் புரட்சியில், கன்பூசியர் பிறந்த சூஃபூ நகரத்துக் கோயிலும் கல்லறைகளும் செங்காவலராற் சிதைக்கப்பட்டன. தலைவர்பால் வைக்கும் பற்றே முதற்கடன் என்றும், பெற்றோராயினும் மாறுபட்டாரைக் காட்டிக்கொடுத்தலே நேர்மை என்றும் சிறுவர்க்குக் கற்பிக்கப்பட்டது. 1970-ல் ஆன்குய் மாகாணத்துக் குசென் என்னும் ஊரில், ஒரு தாய் தன் வீட்டினுள்ளே இருந்து மாவோவைக் குறைகூறிப் பேசினள். பதினாறு அகவையினனாகிய அவள் மைந்தன், தந்தையோடு கூடி, அதனை அதிகாரிகட்கு அறிவித்தான். இரண்டு திங்களுக்குள் அவள் சுட்டுக் கொல்லப்பட்டனள். 1980-ல் அவள் குற்றமற்றவள் என மன்றம் முடிவு செய்தது. முதுமையெய்திய அம்மைந்தர் 2013-ல் தம் செயலைச் செய்தித்தாள் வாயிலாக உலகறியச் சொல்லி வருந்தினர். ஷே தலைவன் வியந்த நேர்மை, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகட்குப் பின் ஒரு வீட்டினுட் புகுந்து விளைத்த விளைவு இது. நாட்டின் மன்னிப்பு ஏட்டில் எழுதப்படும். மைந்தன் மன்னிப்பைத் தரவல்லாள் ஒருத்தியே, அவளோ இல்லை.

இத்தகைய துன்பங்கள் கண்டபின் அந்நாட்டறிஞர் பழைய வினாவை மீண்டும் எடுத்தனர். உறவன்பை யாவற்றினும் மேலாக வைத்தமையே கையூட்டிற்கும் முறைகேட்டிற்கும் வித்து என 2002-ல் லியு சிங்பிங் என்பவர் எழுதினர். பொதுநீதியையும் இல்லறத்தையும் வேறுவேறு களங்களாகக் கண்டதே அந்நெறியின் சிறப்பு என வூகான் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் குவோ சீயோங் முதலியோர் மறுத்தனர். இவ்வாராய்ச்சி பல ஆண்டுகள் நீண்டது. 2012-ல் திருத்தப்பட்டு 2013 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த சீனக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றஞ்சாட்டப்பட்டானுடைய கணவன் மனைவி, பெற்றோர், மக்கள் ஆகியோரை மன்றத்திற் சான்று பகர வற்புறுத்திக் கொணர்தலை விலக்கியது. குற்றவாளியை ஒளித்துவைத்தவர் உறவினராயினும் தண்டிக்கப்படுவர் என்னும் விதி அந்நாட்டில் இன்னும் உளது. கொரியாவின் தென்பகுதியிலோ உறவினர்க்கு அத்தண்டனை இல்லை. சப்பானில் மன்றம் அதனை நீக்கலாம்.

அதே 2013-ல், தனித்து வாழும் முதிய பெற்றோரை மக்கள் அடிக்கடி சென்று காணல் வேண்டும் எனவும் சீனச் சட்டம் ஒன்று விதித்தது. சட்டத்திற்கு அஞ்சி வாயிலில் வந்து நிற்கும் மைந்தனைக் கண்ட தாய் மகிழ்வளோ என்பது ஐயமே. காட்டிக்கொடுக்கும்படி கட்டளையிடும் சட்டமும், அன்பு செய்யும்படி கட்டளையிடும் சட்டமும் தம் எல்லையை அறியாமையில் தம்முள் ஒக்கும். இல்லத்தின் அன்பை அரசு அழித்தல் கூடும்; ஆக்குதல் கூடாது. அதற்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்றலே அரசு செய்யத்தகுவது.

இறுதியாக, ஆட்டை இழந்தானை மறத்தல் ஆகாது. அவனும் ஒரு குடும்பத்திற்குத் தந்தையாக இருத்தல் கூடும். அவ்வாடே அவன் வாழ்வாக இருத்தலும் கூடும். அவன் இழப்பைத் தேடிக் கண்டு மீட்டல் நாட்டின் கடன். அதற்குக் காவலரும் அயலாரும் நடுவரும் உளர். அக்கடனை அவர் தாமே செய்யாது, எளிய வழியென மைந்தன் நெஞ்சத்திற் கைவைத்தல் முறையன்று. ஆயின் குற்றம் ஆட்டின் அளவில் நில்லாது, ஓருயிர்க்கு இறுதி விளைக்கும் நிலையில் இருப்பின், அதனைத் தடுக்க மைந்தன் வாய் திறத்தல் வேண்டும். தந்தையைக் கொலைஞன் ஆகாமற் காத்தலும் பேணுதலே அன்றோ? செங் சுவைக் கடிந்த ஆசிரியர் இதனை மறுப்பார் அல்லர்.

இதனால், இக்காலத்துச் சமுதாயம் கன்பூசியரிடமிருந்து கொள்ளத்தகுவது அவர் கூறிய அறங்களின் பெயர்ப்பட்டியல் அன்று. இன்ன இடத்தில் இன்னவனாக நிற்கின்றேன் என ஒருவன் தன்னைத்தான் அறியும் அறிவேயாம். அலுவலிடத்து அமர்ந்து கொண்டு, மைந்தற்குத் தந்தையாக நின்று ஒப்பமிடுவான் நாட்டைக் கெடுப்பான். இல்லத்தில் இருந்துகொண்டு, தந்தைக்கு ஒற்றனாக நின்று செவிகொடுப்பான் வீட்டைக் கெடுப்பான். முன்னவன் சூ சியாங்கை நினைக்கக் கடவன். பின்னவன் குசென் ஊரின் தாயை நினைக்கக் கடவன்.